விமானிப் பயிற்சிப் பள்ளியில் சேரும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் ஆரம்பித்து ஆடி மாதம் வரைக்கும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான். பிள்ளைக்குப் பைலட் ஆக ஆசை, கையில் ஒரு பளபளப்பான பிரோஷர் இருக்கிறது, "பணம் கட்டலாமா" என்று கேட்கிறார்கள். இந்த வழியில் போய் லைசென்ஸ் வாங்கியவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எல்லாமே இந்தியாவில் வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல், வாங்குவது பற்றியவை. உரிமத்தைக் கொடுப்பது டிஜிசிஏ என்கிற சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

"சார், ஏவியேஷன் காலேஜ்ல சேர்த்துட்டா பையன் பைலட் ஆயிடுவானா?"

ஆக மாட்டான். ஆண்டுதோறும் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான், அதனால் முதலில் வைத்தேன். பிஎஸ்சி ஏவியேஷன், பிபிஏ ஏர்போர்ட் மேனேஜ்மென்ட், ஏரோநாட்டிக்கல் எஞ்சினியரிங் எல்லாம் பட்டப்படிப்புகள். அவற்றுக்கு வேறு வேலைகள் உண்டு, அவை மோசமான படிப்புகள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவற்றில் எதுவும் விமானம் ஓட்டும் உரிமம் தராது, உரிமத்துக்குப் பட்டம் தேவையும் இல்லை.

மூன்று வகை இடங்களைப் பிரித்துப் பாருங்கள். ஒன்று, மேலே சொன்ன கல்லூரிகள். இரண்டு, கிரவுண்ட் ஸ்கூல்: டிஜிசிஏ எழுத்துத் தேர்வுகளுக்குக் கோச்சிங் கொடுக்கும் இடம், டெல்லி துவாரகா பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கும், விமானம் வைத்திருக்க மாட்டார்கள். மூன்று, எஃப்டிஓ: விமானம் ஓட்டக் கற்றுத்தர டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம். சிபிஎல்லுக்கான பறக்கும் மணிகள் இந்த மூன்றாவது வகையில் மட்டுமே கிடைக்கும். அங்கீகாரம் பெற்ற எஃப்டிஓக்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்திலேயே இருக்கிறது. பிரோஷரில் உள்ள பெயர் அதில் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா, அந்த ஊர்த் தளம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு போனை எடுங்கள்.

"என்ன படிச்சிருக்கணும்? வயசு எவ்வளவு?"

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். மாணவ விமானி உரிமத்துக்கு 16 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தனிப்பட்ட முறையில் ஓட்டும் பிபிஎல்லுக்கு 17, சிபிஎல்லுக்கு 18. சிபிஎல் வாங்க பிபிஎல் கட்டாயம் இல்லை, மாணவ உரிமத்திலிருந்து நேராகச் சிபிஎல் போகலாம்.

தமிழ்நாடு ஸ்டேட் போர்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: மதிப்பெண் பட்டியல் உண்மையானதுதான் என்று போர்டிடமிருந்து சரிபார்ப்பு வேண்டும். அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் விண்ணப்பித்து உண்மைத்தன்மைச் சான்று வாங்குவதுதான் வழி. உடனே கையில் கிடைத்துவிடும் காகிதம் இல்லை அது, ரிசல்ட் வந்ததும் முதல் வேலையாக விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்பது நம் ஊர் வியாதி. டிஜிசிஏவின் இஜிசிஏ தளம் அதை ஏற்காது.

"நான் காமர்ஸ் குரூப் அண்ணா. சான்ஸே இல்லையா?"

இருக்கிறது. என்ஐஓஎஸ் எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் தனியாக எழுதித் தேறலாம், அதை டிஜிசிஏ ஏற்றுக்கொள்கிறது. கணிதம் இல்லாத ப்யூர் சயன்ஸ் குரூப் எடுத்தவர்கள் கணிதத்தை மட்டும் எழுதினால் போதும். 2025-ல் கலை, வணிகவியல் மாணவர்களையும் அனுமதிக்கலாம் என்ற பேச்சு எழுந்ததை வைத்து "ரூல் மாறிடுச்சு, இப்பவே சேருங்க" என்று சில ஏஜென்ட்கள் கிளம்பியிருக்கிறார்கள். திருத்தம் விதியில் வந்து டிஜிசிஏ தளத்தில் உங்கள் கண்ணால் பார்க்கிறவரை அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

"மெடிக்கல் டெஸ்ட் எப்போ எடுக்கணும்? பள்ளிக்காரங்க சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்னு சொல்றாங்க."

சேருவதற்கு முன்னால். இதில் பேரமே கிடையாது. முதலில் கிளாஸ் 2 மருத்துவச் சான்று: டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவர்கள் சென்னை உட்படப் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, காது கேட்கும் திறன், கண் எல்லாம் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு கிளாஸ் 1. சிபிஎல்லுக்கு இதுதான் வேண்டும். விமானப்படையின் மையங்களிலும் டிஜிசிஏ ஒப்புக்கொண்ட வேறு சில மையங்களிலும் செய்கிறார்கள். நம் ஊர்க்காரர்கள் பலர் பெங்களூரில் இருக்கும் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகத்துக்குப் போவார்கள். தேதி கிடைக்கவே வாரங்கள் ஆகும்.

"தற்காலிகமாகத் தகுதியில்லை" என்று வந்தால் பதற வேண்டாம். எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று சரிசெய்யக்கூடிய காரணமாக இருந்தால் சொன்ன காலத்துக்குள் சரிசெய்துகொண்டு மறுபடி போகலாம். பள்ளிக்காரர் "பிறகு பார்க்கலாம்" என்பதற்கு ஒரே காரணம் முன்பணம். கட்டிய பிறகு கிளாஸ் 1 வரவில்லை என்றால் பிள்ளை மனமுடைந்து உட்கார்ந்திருப்பான், நீங்கள் ரீஃபண்டுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள்.

"கண்ணாடி போட்டிருந்தா எடுக்க மாட்டாங்களாமே?"

விமானப்படையில் சேருவதற்கான விதியையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் சந்தேகம். சிவில் விமானிக்குக் கண்ணாடி தடையில்லை, கண்ணாடியோடு பார்வை தேவையான அளவுக்கு வந்தால் போதும். எத்தனையோ கேப்டன்கள் கண்ணாடி போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். நிறக்குருடு விஷயம் வேறு. புள்ளிகளுக்குள் எண் தெரியும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டுவார்கள், அதில் தேறாவிட்டால் சிக்கல்தான். பெரும்பாலான பையன்களுக்குத் தங்களுக்கு நிறக்குறை இருப்பதே அந்த அறையில்தான் தெரிய வருகிறது. உள்ளூர்க் கண் டாக்டரிடம் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், இன்றைக்கே போய் வாருங்கள். லேசர் அறுவை செய்திருந்தால் அதன் காகிதங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், மறைக்காதீர்கள்.

"தமிழ் மீடியத்துல படிச்சவன். இங்கிலீஷ் தடுக்குமா?"

தடுக்காது, ஆனால் ஆங்கிலத்தில் வேலை இருக்கிறது. பாடப் புத்தகங்கள் ஆங்கிலத்தில், ரேடியோவில் பேசுவது ஆங்கிலத்தில். இது போக ஆங்கிலத் திறன் தேர்வு ஒன்று உண்டு, குறைந்தது நான்காம் நிலை வேண்டும். நான்காம் நிலை மூன்று ஆண்டுக்குச் செல்லும், ஆறாம் நிலை வந்துவிட்டால் மறுபடி எழுத வேண்டாம். அவர்கள் பார்ப்பது உச்சரிப்பின் அழகை இல்லை. எதிர்பாராத ஒன்று நடக்கும்போது அதைப் புரியும்படி சொல்கிறாயா, எதிரில் சொல்வது உனக்குப் புரிகிறதா என்பதைத்தான். சின்ன ஊர்களிலிருந்து வந்தவர்கள் கணக்கிலும் வானிலையிலும் கான்வென்ட் பிள்ளைகளை ஓரங்கட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"எத்தனை பரீட்சை? பள்ளியில சேர்ந்த பிறகுதான் எழுதணுமா?"

ஏர் நேவிகேஷன், வானிலையியல், ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ஜெனரல், நீங்கள் ஓட்டும் விமானத்தைப் பற்றிய டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும். இவை போக ரேடியோ உரிமத்துக்கான ஆர்டிஆர் தேர்வு. அதை முன்பெல்லாம் தொலைத்தொடர்புத் துறை நடத்தியது, 2025 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய வான்கலச் சட்டம் அந்த அதிகாரத்தை டிஜிசிஏவுக்கு மாற்றியது. பழைய யூட்யூப் வீடியோக்களில் சொல்லும் நடைமுறையை அப்படியே நம்ப வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பள்ளியில் சேருவதற்கு முன்பே எழுதலாம். கம்ப்யூட்டர் நம்பர் எனப்படும் தேர்வர் எண்ணை டிஜிசிஏவிடம் வாங்கினால் போதும் (மேலே சொன்ன உண்மைத்தன்மைச் சான்று இங்கேதான் உதவும்). என்னைக் கேட்டால் முக்கியத் தாள்களைத் தேறிவிட்டே பறக்கப் போங்கள் என்பேன். பாதித் தாளை வைத்துக்கொண்டு ஏர்ஃபீல்டில் இருப்பவன் காலையில் பறப்பதா, தேர்வுக்குப் படிப்பதா என்று தவித்து இரண்டையும் கோட்டை விடுவான். இன்னொரு லாபமும் உண்டு: நேவிகேஷன் தாளைத் தாண்ட முடியவில்லை என்றால் அது சில ஆயிரங்களிலேயே தெரிந்துவிடும். பல லட்சம் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டாமே.

"200 மணி நேரம்னு சொல்றாங்களே, அது எதெது?"

மொத்தம் 200 மணி. அதில் குறைந்தது 100 மணி நீங்களே பொறுப்பு விமானியாக, பிஐசியாக, ஓட்டியிருக்க வேண்டும். 20 மணி பிஐசியாக க்ராஸ் கன்ட்ரி, அதாவது தளத்தை விட்டுத் தொலைவு போகும் பயணம். அதற்குள் 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணம், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுசாக இறங்கி. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவது 10 மணி, அதில் ஐந்துக்கு மேல் சிமுலேட்டரில் கூடாது. இரவில் 5 மணி, பத்து ஏற்றம், பத்து இறக்கம்.

இது சிபிஎல்லுக்கு மட்டும். ஏர்லைனில் வேலைக்குக் கேட்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கு (வெளியே தெரியாதபோது கருவிகளை வைத்து ஓட்டும் தகுதி) கருவி நேரம் 40 மணி, பிஐசி க்ராஸ் கன்ட்ரி 50 மணி என்று தனிக் கணக்கு. இரட்டை எஞ்சின் விமானத்தில் சில மணிகளும் வேண்டும். இதையெல்லாம் 200-க்குள்ளேயே அடக்கித் திட்டமிடலாம், நல்ல பள்ளிகள் அப்படித்தான் செய்கின்றன. "எங்கள் பேக்கேஜ் 200 மணி" என்று சொன்னால், அதில் மல்டி எஞ்சின் எத்தனை மணி, இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உள்ளே வருகிறதா, சிமுலேட்டர் மணிகள் 200-க்குள்ளா வெளியேயா என்று எழுத்தில் கேளுங்கள். பின்னால் பில் வீங்குவது இந்த மூன்றில்தான்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்க."

இந்தியாவில் பறப்பதற்கு மட்டும் பள்ளியைப் பொறுத்து சுமார் 45 லட்சத்திலிருந்து 60 லட்சத்தைத் தாண்டியும் கேட்கிறார்கள். தங்குமிடம், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், மெடிக்கல், யூனிஃபார்ம், ஹெட்செட் எல்லாம் தனி. சிபிஎல் கையில் வந்த பிறகும் ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட வகையை ஓட்ட டைப் ரேட்டிங் எடுக்க வேண்டும், அதற்கு இன்னும் பதினைந்து இருபது லட்சம். சிபிஎல்லோடு செலவு முடிந்தது என்று கணக்குப் போட்டு வீட்டை அடமானம் வைத்தவர்கள் கடைசி மைலில் திணறுகிறார்கள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு நல்ல செய்தி. டிஜிசிஏ அங்கீகரித்த எஃப்டிஓ நடத்தும், டிஜிசிஏ முடிப்புச் சான்று கோரும் பயிற்சிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்று 2024 அக்டோபரில் மத்திய மறைமுக வரி வாரியம் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது. இன்னமும் 18 சதவீதம் சேர்த்துக் கொட்டேஷன் கொடுக்கிறார்கள் என்றால் எந்தத் தலைப்புக்கு என்று கேளுங்கள். ஹாஸ்டல் போன்றவற்றின் கணக்கு வேறாக இருக்கலாம், பறக்கும் பயிற்சிக்கு என்றால் அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டும். வங்கிக் கடனைப் பொறுத்தவரை, ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து ஜாமீன் கேட்பார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

"கவர்ன்மென்ட் பள்ளி இருக்காமே, அங்கே ஃபீஸ் கம்மியா?"

நீங்கள் சொல்வது இக்ருவா, அதாவது இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி. உத்தரப் பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்சில் இருக்கிறது, மத்திய அரசின் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வரும் தன்னாட்சி நிறுவனம். நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் உண்டு, இட ஒதுக்கீடும் உண்டு. ஃபீஸ் அரசுக் கல்லூரி ஃபீஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், தனியார் பள்ளிகளோடு ஒப்பிடும் அளவில்தான் இருக்கிறது. சேருவதற்கான காரணம் பெயரும் ஒழுங்கும். குளிர்காலத்தில் அந்தப் பக்கம் மூடுபனி காலை நேரத்தைத் தின்னும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே வேண்டும் என்பவர்களுக்கு: இந்திய விமான நிலைய ஆணையம் பயிற்சிப் பள்ளிகளுக்கென இரண்டாம் சுற்றில் ஒதுக்கிய ஐந்து விமான நிலையங்களில் சேலமும் ஒன்று. வீட்டுக்குப் பக்கம் என்பதற்காக மட்டும் எந்த ஊரையும் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏன் என்று அடுத்த இரண்டு பதில்களில்.

"எது நம்பர் ஒன் பள்ளி? ரேங்க் லிஸ்ட் இருக்கா?"

இருக்கிறது. 2025 அக்டோபரிலிருந்து டிஜிசிஏவே எஃப்டிஓக்களைத் தரம் பிரித்து, ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், வெளியிடும் ஏற்பாடு வந்திருக்கிறது. பாதுகாப்பு, மாணவருக்கு எத்தனை விமானம், எத்தனை இன்ஸ்ட்ரக்டர், பயிற்சி முடிய ஆகும் காலம் போன்றவற்றுக்கு மதிப்பெண். முதல் பட்டியலில் ஏ ப்ளஸ் ப்ளஸ், ஏ ப்ளஸ் ஆகிய மேல் இரண்டு தரத்திலும் ஒரு பள்ளிகூட இல்லை. அதனால் "இந்தியாவின் தலைசிறந்த" என்று விளம்பரம் செய்பவர்களிடம் டிஜிசிஏ என்ன தரம் கொடுத்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், குரல் கொஞ்சம் இறங்கும்.

பட்டியலை வடிகட்டப் பயன்படுத்துங்கள், முடிவெடுக்க அது மட்டும் போதாது. ஒரு பள்ளியின் நிலைமை ஆறே மாதத்தில் தலைகீழாகலாம்: மூன்று இன்ஸ்ட்ரக்டர்கள் ஏர்லைனுக்குப் போய்விட்டால் போதும்.

"நேர்ல போய்ப் பார்க்கச் சொல்றீங்க. போய் எதைப் பார்க்கிறது? எங்களுக்கு விமானத்தைப் பத்தி என்ன தெரியும்?"

ஒன்றும் தெரிய வேண்டாம். வானிலை நன்றாக இருக்கும் ஒரு வார நாளில், விடிகாலையில், முடிந்தால் சொல்லாமல் போங்கள். பயிற்சி விமானங்கள் அதிகமும் பறப்பது காற்று அமைதியாக இருக்கும் காலையில்தான். ஏழு மணிக்கு வானத்தில் சத்தம் இல்லை, எல்லோரும் கேன்டீனில் இருக்கிறார்கள் என்றால் உங்களுக்குத் தேவையான பதிலில் பாதி கிடைத்துவிட்டது.

அடுத்து ஹேங்கர். "எங்களிடம் 15 விமானம்" என்பார்கள். டிப்போவில் நிற்கிற பஸ்ஸை எல்லாம் ரூட்டில் ஓடுகிற பஸ் என்று எண்ணுகிற கதைதான். விடி (VT) என்று தொடங்கும் பதிவு எழுத்துகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, "இதில் இன்றைக்குப் பறக்கும் நிலையில் இருப்பவை எவை?" என்று கேளுங்கள். எஞ்சின் கழற்றி மேலே துணி போர்த்தியது, டயரில் காற்றில்லாதது, ப்ரொப்பெல்லர் இல்லாதது எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். பயிற்சி விமானங்களுக்குக் குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை உண்டு, அதனால் ஒன்றிரண்டு எப்போதும் உள்ளே நிற்பது சகஜம். பாதிக்கு மேல் நின்றால் உதிரி பாகத்துக்குப் பணமில்லை அல்லது எஞ்சினியர் இல்லை. இரட்டை எஞ்சின் விமானம் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் ஒன்றே ஒன்றுதான், அது நின்றால் கடைசிக் கட்ட மாணவர்கள் அத்தனை பேரும் வரிசையில் நிற்பார்கள்.

கடைசியாக மாணவர்கள். ஆபீஸில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காமல், வாசலில் டீக்கடையில் வெள்ளைச் சட்டை, தோளில் பட்டையோடு நிற்கும் பையனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எப்போ சேர்ந்தே? இதுவரை எத்தனை மணி? போன மாசம் எத்தனை மணி? நாலைந்து பேரிடம் கேட்டு, போன மாதக் கணக்கைச் சராசரி போடுங்கள். இருபதுக்கு மேல் வந்தால் அருமை. ஐந்து, ஆறு என்று வந்தால் 200 மணிக்கு எத்தனை மாதம் ஆகும் என்று நீங்களே வகுத்துக்கொள்ளலாம். பள்ளியின் தரத்தைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே எண் இந்த மாதக் கணக்குதான். ஏசி வகுப்பறையும் நீச்சல் குளமும் அதில் சேராது.

"12 மாசத்துல முடிச்சுடலாம்னு எழுதியே கொடுக்கிறாங்க. நம்பலாமா?"

முடியாதது இல்லை, முடித்தவர்கள் உண்டு. ஆனால் ஒன்றரை வருடம் என்று வீட்டில் திட்டம் போடுங்கள், இரண்டு வருடம் ஆனாலும் அதிர்ச்சியாகாதீர்கள். மழை, மூடுபனி, வெயில் காலத்தில் மத்தியானக் காற்று, எரிபொருள் தட்டுப்பாடு, ஓடுபாதைப் பராமரிப்பு, பயணிகள் விமானம் வந்து போகும் நேரம் எல்லாம் குறுக்கே வரும்.

எழுதிக் கொடுப்பதைப் படித்துப் பாருங்கள். "வானிலை, விமானம் கிடைப்பது, மாணவரின் முன்னேற்றம் ஆகியவற்றுக்கு உட்பட்டு" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரி இருக்கும்வரை 12 மாதம் என்பது வாக்குறுதியே இல்லை.

"முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினா அஞ்சு லட்சம் தள்ளுபடியாம்..."

வேண்டாம். தள்ளுபடியின் அளவு கூடக்கூட எனக்குச் சந்தேகம் கூடும். பள்ளிகளின் கட்டணத்தை டிஜிசிஏ நிர்ணயிப்பதில்லை, பணத் தகராறில் வந்து நிற்பதும் அதன் வேலை இல்லை. உங்களுக்கு இருக்கும் ஒரே பிடி இன்னும் கட்டாத பணம். பறந்த மணிக்கு ஏற்பத் தவணை என்று கேளுங்கள்: முதல் சோலோவுக்கு (தனியாகப் பறப்பதற்கு) முன் இவ்வளவு, 50 மணியில் இவ்வளவு, 100-ல் இவ்வளவு. காலத்தை வைத்துத் தவணை போட்டால் பிள்ளை தரையில் இருக்கும்போதே நாலாவது தவணைக்கு நோட்டீஸ் வரும்.

ஒப்பந்தத்தில் நான் தேடுவது: பாதியில் விலகினால் பறக்காத மணிக்குப் பணம் திரும்புமா, எத்தனை நாளில், பெட்ரோல் விலை ஏறினால் கூடுதலாகக் கேட்க உரிமை வைத்திருக்கிறார்களா, பள்ளியின் அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்பட்டால் என்ன ஆகும். கடைசிக் கேள்வி கற்பனை இல்லை, அடுத்த பதிலைப் பாருங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், கன்சல்டன்ட் கணக்கில் போடச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

"அடிக்கடி பயிற்சி விமானம் விழுந்ததா நியூஸ்ல வருதே, அம்மா பயப்படுறாங்க."

பயம் நியாயம்தான், பயப்பட வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் மகாராஷ்டிராவின் பாராமதியில் சில நாள் இடைவெளியில் ஒரே பள்ளியின் இரண்டு விமானங்கள் விபத்துக்குள்ளானதும் டிஜிசிஏ அந்தப் பள்ளியின் பயிற்சியையே நிறுத்தி வைத்தது. அங்கே இருந்த மாணவர்கள் எல்லோரும் நடுவழியில் நின்றார்கள். விபத்து அறிக்கைகள் பொதுவில் கிடைக்கும், நீங்கள் பார்க்கும் பள்ளியின் பெயரைத் தேடிப் படியுங்கள்.

விபத்தே நடக்காத பள்ளியைத் தேடுவதைவிட, கோளாறைச் சொல்ல மாணவர்கள் பயப்படாத பள்ளியைத் தேடுங்கள். டீக்கடைப் பையனிடம் நாலாவதாக ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளலாம்: "எஞ்சின் சத்தம் சரியில்லைன்னு நீ பறக்க மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்?" அவன் சிரித்தால் ஒரு அர்த்தம், அக்கம்பக்கம் பார்த்தால் வேறு அர்த்தம்.

"அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா போனா சீக்கிரம் முடியுமாமே?"

பறப்பது சீக்கிரம் முடியும், அது உண்மை. விமானமும் ஓடுபாதையும் நிறைய, நல்ல வானிலை. அமெரிக்காவில் சாதாரண வழியில் 250 மணி, பார்ட் 141 என்று அந்த நாட்டு ஆணையம் பாடத்திட்டத்தை ஒப்புக்கொண்ட பள்ளிகளில் 190 மணி. விசாவோடு அவர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் வாங்க வேண்டும், அது கிடைக்காமல் பயிற்சி தொடங்க முடியாது.

அந்த லைசென்ஸை வைத்து இந்திய ஏர்லைனில் ஓட்ட முடியாது. இந்தியச் சிபிஎல்லாக மாற்ற வேண்டும். ஏர் ரெகுலேஷன்ஸ் தாளும், நேவிகேஷனும் வானிலையும் சேர்ந்த கலவைத் தாளும் எழுத வேண்டும், மெடிக்கல், ரேடியோ உரிமம் வேண்டும், அந்த நாட்டு ஆணையத்திடம் உரிமம் உண்மையா என்று டிஜிசிஏ கேட்டு பதில் வர வேண்டும், தேவைப்பட்டால் இங்கே வந்து மறுபடி சோதனைப் பறப்புகள். இதற்கே பல மாதம் போகும். போவதாக இருந்தால் இந்திய கிளாஸ் 1-ஐயும் எழுத்துத் தேர்வுகளையும் இங்கேயே முடித்துவிட்டுப் போங்கள். மேலே சொன்ன 100 மணி பிஐசி, இரவு இறக்கங்கள், க்ராஸ் கன்ட்ரி கணக்கு எல்லாம் இந்திய விதிப்படி நிரம்புகிறதா என்று அங்கே இருக்கும்போதே சரிபாருங்கள். திரும்பி வந்த பிறகு மூன்று மணி குறைகிறது என்று தெரிந்தால் அந்த மூன்று மணி தங்க விலை.

"ஏர்லைனோட கேடட் ப்ரோக்ராம்ல சேர்ந்தா வேலை கேரண்டியா?"

கேடட் ப்ரோக்ராம் என்பது ஏர்லைனே ஆளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்பும் திட்டம். கேரண்டி என்ற வார்த்தையை எந்த ஏர்லைனும் எழுதுவதில்லை, "நிபந்தனைக்கு உட்பட்ட" என்றுதான் எழுதுவார்கள். ஆனாலும் தனியாக அலைவதைவிட வேலைக்கு அருகே கொண்டுவிடும் வழி அது. நுழைவுத் தேர்வு கடினம், டைப் ரேட்டிங் உட்பட மொத்தம் ஒரு கோடியைத் தாண்டும். பணம் இருக்கிறது, தேர்விலும் தேறுகிறார் என்றால் நான் மறுப்பு சொல்ல மாட்டேன். கடன் வாங்கித்தான் என்றால் வேலை இரண்டு வருடம் தள்ளிப்போனாலும் தவணை கட்ட முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

"ஒரு பள்ளியில பறக்காமலேயே சில மணி நேரம் லாக்புக்ல எழுதிக்கலாம்னு சொல்றாங்க. எல்லாரும் செய்றதுதானாமே?"

செய்யாதீர்கள். அப்படிச் சொல்லும் பள்ளியில் சேரவும் சேராதீர்கள். 2011 ஜனவரியில் கோவாவில் ஒரு பயணிகள் விமானம் மூக்குச் சக்கரம் முதலில் தரையில் படும்படி இறக்கப்பட்டது. அதைத் துருவியபோது அந்த விமானி போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கியது வெளிவந்தது, பின்னாலேயே இன்னும் பலர் கைதானார்கள். பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த பள்ளிகளும் அப்போது விசாரணைக்குள் வந்தன. உங்கள் லாக்புக்கில் எழுதும் ஒவ்வொரு பறப்புக்கும் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) பதிவு, எரிபொருள் பதிவு, விமானத்தின் டெக் லாக் எனும் பராமரிப்புப் பதிவேடு, பறக்க அனுமதித்த புத்தகம் என்று நாலு இடத்தில் சாட்சி இருக்கிறது. பத்து வருடம் கழித்தும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். லாக்புக்கை அன்றன்றைக்கு எழுதி, மாதம் ஒருமுறை கையெழுத்து வாங்கி, ஸ்கேன் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

"200 மணி முடிச்சுட்டேன், ஆனா மறுபடி பறக்கச் சொல்றாங்க. ஏன்?"

ஆறு மாதக் கணக்கு. சிபிஎல்லுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் 15 மணி பிஐசி இருக்க வேண்டும், இரவு ஏற்ற இறக்கங்களும் அந்தக் காலத்துக்குள் வர வேண்டும். பகல், இரவுத் திறன் சோதனைகள், பகலில் 250 கடல் மைல், இரவில் 120 கடல் மைல் க்ராஸ் கன்ட்ரி சோதனைகளும் அப்படியே. மொத்த 200 மணியும் ஐந்து ஆண்டுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். பறந்து முடித்துவிட்டு ஒரு தாள் பாக்கி, ஆர்டிஆர் பாக்கி என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த ஆறு மாதம் ஓடிப்போய்விடும், மறுபடி காசு கொடுத்துப் பறக்க வேண்டும். தாள்களை முதலில் முடியுங்கள் என்று மேலே அடித்துச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சோதனைகளைக் கடைசியில் வையுங்கள். கிளாஸ் 1 மெடிக்கல் 40 வயதுக்குக் கீழே ஒரு வருடம்தான் செல்லும், அது காலாவதியாகும் தேதியையும் இதோடு பொருத்திப் பாருங்கள். பள்ளி அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், தேதிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

"லைசென்ஸ் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, வேலை கிடைக்கலை. அது செத்துப்போயிடுமா?"

சிபிஎல் பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அதைப் பயன்படுத்த மெடிக்கல் உயிரோடு இருக்க வேண்டும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கை ஆண்டுதோறும் சோதனை கொடுத்துப் புதுப்பிக்க வேண்டும். ஏர்லைன் விளம்பரம் வருகிற அன்று இரண்டும் காலாவதியாகியிருந்தால் விண்ணப்பமே போட முடியாது. ஆட்கள் தேவை திடீரென வரும், திடீரென நின்றும்போகும், அது உங்கள் கையில் இல்லை.

காத்திருக்கும் காலத்தில் டைப் ரேட்டிங்கை அவசரப்பட்டுச் சொந்தக் காசில் எடுக்காதீர்கள், எந்த ஏர்லைன் எந்த விமானத்துக்கு ஆள் எடுக்கிறது என்று தெரிந்த பிறகு எடுங்கள். அதற்குப் பதில் உதவி இன்ஸ்ட்ரக்டர் ரேட்டிங் எடுத்து ஏதாவது ஒரு எஃப்டிஓவில் சேர்ந்தால், காசு கொடுத்துப் பறந்த நிலை மாறி சம்பளம் வாங்கிக்கொண்டு மணி சேரும். இன்ஸ்ட்ரக்டர்களுக்குப் பள்ளிகளில் எப்போதும் பஞ்சம்தான். பிற்பாடு கேப்டனாகத் தேவைப்படும் ஏடிபிஎல் என்கிற மேல்நிலை உரிமத்துக்கு 1,500 மணி வேண்டும், இந்த மணிகளும் அந்தக் கணக்கில் ஏறும். முதலில் கேட்க வேண்டிய இடம் நீங்கள் படித்த பள்ளிதான். அங்கே உங்களைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கும் சிஎஃப்ஐ (தலைமை இன்ஸ்ட்ரக்டர்) இருந்தால், இன்ஸ்ட்ரக்டர் பயிற்சிக்கான செலவையும் அவரிடமே பேசிப் பாருங்கள். பல இடங்களில் சில வருட ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டால் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்கிறார்கள்.